விவசாயிகள் சங்க ஆண்டறிக்கை: குச்சிக்கிழங்குக் காடும் மண் வளமும்

தலைவர் அவர்களுக்கும், வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மண்ணைப் பற்றி. என் அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

நம்மில் பலருக்குச் சோறு போடுவது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. பத்து மாதம் நிலத்தில் நின்று சாம்பல் சத்தை (பொட்டாஷை) வாரி எடுக்கும் பயிர் அது. கிழங்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போகிறது, குச்சி அடுத்த நடவுக்கோ அடுப்புக்கோ போகிறது. திரும்ப நாம் போடுவது பெரும்பாலும் யூரியா, டி.ஏ.பி. உரங்கள்தான். இரண்டிலும் சாம்பல் சத்து துளியும் கிடையாது.

மண் பரிசோதனை அட்டைகளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடுவார்கள். நம் செம்மண் காடுகளின், அதாவது மேட்டு நிலங்களின், அட்டைகளில் பெரும்பாலும் அதுதான் இருந்தது. கரிமச் சத்து தரும் மக்கிய தழை, எரு இல்லாத மண்ணில் மழைத்தண்ணீரும் தங்காது, போட்ட உரமும் தங்காது. அப்புறம் உர மூட்டையைக் கூட்டி என்ன பயன்?

சரிவுக் காடுகளின் நிலைதான் எனக்குப் பெரிய கவலை. மூன்றடிக்கு மூன்றடி நட்ட குச்சி தழைத்து நிலத்தை மூட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் கோடை மழை அடித்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். கல்வராயன் மலை அடிவாரத்து உறுப்பினர்கள் சிலர் சரிவுக்குக் குறுக்கே மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்து, ஊடுபயிராக உளுந்தும் சின்ன வெங்காயமும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காடுகளை அவசியம் போய்ப் பாருங்கள்.

குச்சிக்கிழங்கைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி விட்டார்கள். கண்டபடி மருந்தடித்தால் அந்தக் குளவியும் சாகும்.

மண் வளத்துக்குக் காட்டில் போட ஏரி வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தார் அனுமதியே போதும், கட்டணமும் இல்லை. வேண்டியவர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம்.

அடுத்த நடவுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு ஏக்கரிலாவது மண்ணோடு மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் பயிர் விதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருப்பவர்களுக்குச் சணப்பை சரி. பூக்கும் நேரத்தில், ஈரம் இருக்கும்போதே மடக்கி உழ வேண்டும். மானாவாரிக்குக் கொழிஞ்சி ஏற்றது. விதை வேண்டியவர்கள் இன்றே பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்