குடும்ப வரலாற்று வட்டம், கென்ட், இங்கிலாந்து: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் சந்திப்பும் கோடைச் சுற்றுலாவும் வழக்கம்போல் நடந்தன. மெய்ட்ஸ்டோன் ஆவணக் காப்பகத்துக்கும் போய் வந்தோம்.

நம் பிள்ளைகள் பலர் இந்த ஊர்க் குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த வழி முன்னோரையும் காட்டத்தான் கென்ட் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் இறங்கினோம். இது நமக்கு எதற்கு என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பாதி வம்சம் அதில்தான் இருக்கிறது.

1841 தாளில் 35 வயது என்றிருந்த பண்ணைக் கூலியாள் 1851இல் 48 ஆகிவிட்டார். வேறு ஆள் என்று ஒதுக்கப் பார்த்தார்கள். 1841இல் பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவது வழக்கம். 38 வயது 35 ஆனது அப்படித்தான். அதில் ‘இதே கவுண்டியில் பிறந்தவரா’ என்பதோடு சரி. 1851இல் பிறந்த ஊரே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு வரை போய்விட்டோம்.

அப்புறம் ஒரு விஷயம். இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942இல் தீயில் போயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. 1951 தாள்கள் 2052இல்தான் திறக்கும். நடுவில், போர் தொடங்கியபோது மக்களைப் பதிவு செய்த 1939 பதிவேடு ஒன்றுதான் கைகொடுக்கும். அந்தக் காலத்தைச் சொல்லக்கூடிய சம்பந்தி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். சிலர்தான் செய்தார்கள். ஒரு சம்பந்தியம்மா தன் தகப்பனார் வீட்டுக் கதையைச் சொல்லக் காத்திருந்தார். போக வேண்டியவர் போகவில்லை. இப்போது அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். மொத்தத்தில் பரவாயில்லை. ஆனால் சந்தா பாக்கி சேர்ந்துபோனதால், தாள்களைப் பார்க்கும் இணையதளக் கட்டணத்தைச் சிலர் கைக்காசிலிருந்து போட்டார்கள்.

கூடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் பார்த்துக்கொண்ட மகளிருக்கும், காப்பக ஊழியர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டும் தொடரச் சொன்னால் தொடர்கிறேன். ஆனால் அந்தப் பழைய கையெழுத்தை ஒருவர் படித்து இன்னொருவர் சரிபார்க்காமல் நம்ப முடியாது. சனிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் பெயர் கொடுக்கவும். சம்பந்தி வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் பெயரை முதலில் தரவும்.

செயலாளர்