தொழிலைக் கேட்காத வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலந்தாய்வை ஒட்டித் தங்கள் இதழில் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டக் கட்டுரையைப் படித்தேன். முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்து நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். பிறகு பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம் என்ற வரிசை சரிதான். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் என்பதும் சரி. ஆனால் சமூக மருத்துவத்தை 'தடுப்பூசி, சுகாதாரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். செய்யும் தொழிலால் வரும் நோய்களும் அந்தப் பாடத்தில்தான் வருகின்றன. எனக்கு அங்கேதான் மனத்தாங்கல்.

பல்லடம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பஞ்சு மில்லுக்கோ தறிக்குடோனுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், இருமல் வரும். அடுத்தடுத்த நாட்களில் தணிந்துவிடும். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் ஆரம்ப அடையாளம் இது. கவனிக்காமல் விட்டால் நாளடைவில் எல்லா நாளும் மூச்சு வாங்கும். "மில்லுக்குப் போனா அப்படித்தானுங்க நர்சம்மா" என்பார்கள். புற நோயாளி வரிசையில் அவர்களுக்குக் கிடைப்பது இருமல் மருந்துதான். இத்தனைக்கும், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழேயே இது மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது.

நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும் என்று 1700-லேயே எழுதிவைத்தார் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி. சமூக மருத்துவப் புத்தகத்தில் அவர் பெயர் உண்டு, பிஸினோசிஸும் உண்டு. தறிச் சத்தத்தில் காது மந்தமாவதைக் காது மூக்கு தொண்டைப் பாடத்தில் படிக்கிறார்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் திறன் வரைபடம் சரிவதைப் பரீட்சையில் வரைந்தும் காட்டுவார்கள். படிப்பில் குறையில்லை. படித்தது சோமனூரில் தறி ஓட்டுகிறவரின் காதோடு சேர்வதில்லை, அவ்வளவுதான்.

சேர வழி இல்லாமலும் இல்லை. 2019-ல் பாடத்திட்டம் மாறியது. அதன்பின் முதலாண்டு முதலே மாணவர் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும் என்று வந்தது. ஹவுஸ் சர்ஜன் காலத்திலும் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு உண்டு. அந்த வாரங்களில் பலர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சீட்டு நிலவரம் அப்படி.

திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கோவை சிங்காநல்லூரில் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தத்துக் கொடுக்கும் குடும்பங்களில் ஒன்றாவது மில் தொழிலாளியின் குடும்பமாகவோ தறிக்காரர் குடும்பமாகவோ இருக்கட்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போதே எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வருடம், ஷிப்டு எத்தனை மணி நேரம், மூக்குக்கு என்ன கட்டுகிறார்கள் என்று நோட்டில் எழுதட்டும். அதற்கும் வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போட்டால் தானாகவே கேட்பார்கள்.

அடுத்த கட்டுரைக்கு முன் தங்கள் நிருபர் ஒரு ஹவுஸ் சர்ஜனோடு ஏதாவது ஒரு மில் குடியிருப்புக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷிப்டு விட்டு ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பல்லடம்.