தார்ப்பூச்சுக்கு அடியில்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதாமல் இருந்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தெருமுனையில் வருபவரை இன்னார் என்று இப்போது அவரே முதலில் சொல்லிவிடுகிறார். பெரியவர் உன்னை விசாரித்தார். பச்சை சைக்கிளைப் பற்றியும் கேட்டார். நீ என்ன பதில் சொல்வாயோ அதையே நானும் சொல்லிவைத்தேன்.

இன்றிரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. மழைக்காலம் தொடங்குவதற்குள் காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, அதன்மேல் கறுப்பாக ஒரு கோட்டிங் அடித்துவிடப்போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதற்கு ஏற்பாடு செய்யாதே. என் காரின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலையை இப்போதுதான் முடித்திருக்கிறேன். உன் காரும் என் காரும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. எனக்கு அடியில் கிடைத்தது உனக்கும் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது எல்லாம் கறுகறுவென்று ஒரே சீராக இருந்தது. எப்போதோ அடித்த தார்ப்பூச்சு அது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பூச்சு சற்றே உப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடங்களில் கணீரென்று கேட்ட ஓசை அங்கு வந்ததும் மந்தமாகிவிட்டது. சுரண்டியின் முனையை உப்பலின் ஓரத்தில் கொடுத்து நெம்பியவுடன், தார் ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் பழுப்பு நிறச் செதில்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன; விரலால் தொட்டால் ஈரம். பல நாட்களாக மழையே இல்லாத காலத்தில், கூரையின் கீழ் நின்ற காரில் அந்த ஈரம் இருந்தது என்பதைக் கவனி.

அது நடக்கும் விதம் இதுதான். தார்ப்பூச்சு புதிதாக இருக்கும்வரை நெகிழ்ந்து கொடுக்கிறது. ஆண்டுகள் போகப்போக இறுகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒரு கல் பட்டு மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழியிருக்காது. அதுவரை இரும்பைக் காத்த பூச்சே அதன்பின் ஈரத்தைத் தேக்கிவைக்கத் தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால் பூச்சை மேலும் தள்ளிப் பெயர்க்கிறது. பெயர்ந்த இடத்தில் மேலும் தண்ணீர் சேர்கிறது. கடற்காற்றோ, பனிக்காலச் சாலை உப்போ பட்ட காராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த நிலையில் மேலே புதிதாகக் கறுப்பு அடிப்பது, சீழ்பிடித்த புண்ணைத் துடைக்காமல் அதன்மேல் கட்டுப்போடுவதற்குச் சமம். உன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். தகடு உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

நம்முடைய கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் பளுவைத் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், தனியே கிடையாது. 1934-இல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் போன்ற கார்கள் பரப்பிய முறைப்படி, தரைத்தகடும் பக்கங்களில் ஓடும், உள்ளே வெற்றிடமான பெட்டிப்பகுதிகளும் சேர்ந்துதான் முழுப் பளுவையும் தாங்குகின்றன. அந்தத் தகடு பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே இருக்கும். சீட் பெல்ட் பொருத்திய இடம், சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் இவற்றில் ஸ்குரூ டிரைவரை அழுத்தும்போது தகடு உள்வாங்கினால், அது பெயின்ட்டால் தீரும் வேலை இல்லை. துருவை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். எனக்குப் பின்சக்கர வளைவுக்கு முன்னால் ஓரிடத்தில் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது.

இனி நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அன்று. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நொடிகூட, கைதவறிய ஸ்பேனரை எடுப்பதற்குக்கூட, நுழையாதே. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை வைத்து, காரின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த இடங்களில் கொடுத்து, கீழே படுப்பதற்கு முன் காரைப் பலமாக உலுக்கிப் பார். ஜாக்கி வைக்கும் இடம் துருப்பிடித்திருந்தால் அந்த இடமே உள்வாங்கிவிடும் என்பதை மறக்காதே. செங்கல்லை அடுக்கி வைக்கலாம் என்று எவர் சொன்னாலும் கேளாதே. செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். உனக்கு அவசரம் அதிகம் என்பதை அறிந்தே இவ்வளவு சொல்கிறேன்.

கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடியும், தூசிக்கு ஏற்ற வடிகட்டியுள்ள முகக்கவசமும் தேவை. கிரைண்டரில் பொருத்திய கம்பி பிரஷிலிருந்து கம்பிகள் ஊசிபோல் பறக்கும். மிகப் பழைய பூச்சுகளில் ஈயமும், சிலவற்றில் கல்நார் இழையும் கலந்திருந்ததுண்டு. எனவே பழைய தாரைக் காய்ந்த நிலையில் அரைத்துத் தூளாக்காமல், ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, இளகியவுடன் சுரண்டியால் வழித்தெடுப்பதே நல்லது. புகையும் அளவுக்குச் சூடாக்காதே. பெட்ரோல் டேங்குக்கும் பெட்ரோல் குழாய்க்கும் அருகில் சூடும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம். அங்கே கையால் சுரண்டுவது மட்டும்தான். தரைத்தகட்டின் மறுபக்கத்தில், காருக்குள், கார்ப்பெட்டும் ஒலியடக்கும் விரிப்பும் இருப்பதையும், சூட்டில் அவை பற்றிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வை.

சுத்தம் செய்வதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. நேரத்தில் பெரும்பங்கு அதற்கே போகும், போக வேண்டும். முதலில் சேற்றை அகற்று. சக்கர வளைவின் மடிப்புக்குள்ளும் பெட்டிப்பகுதிகளின் முனைகளிலும் அடைந்திருக்கும் சேறு நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பெட்டிப்பகுதிகளின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. அவற்றை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடு. என் காரில் ஒரு துளையைத் திறந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் வெகுநேரம் சொட்டியது. கழுவிய பிறகு நன்றாக உலரவிடு. மடிப்புகளுக்குள் புகுந்த நீர் ஒரே நாளில் காயாது. அடுத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கு, அதன் பிறகே தேய்க்கத் தொடங்கு. பிசுக்கின்மேல் கம்பி பிரஷை ஓட்டினால் எண்ணெயைத் தகட்டின் சொரசொரப்புக்குள் தேய்த்து ஏற்றுவதாக ஆகும். அதன்மேல் எந்த பிரைமரும் பிடிக்காது.

எவ்வளவு சுத்தம் போதும் என்று கேட்பாய். கப்பலுக்கும் பாலத்துக்கும் பெயின்ட் அடிப்பவர்கள் இதற்கென்றே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1967-இல் சுவீடன் வெளியிட்ட படங்களோடு கூடிய தரநிலையிலிருந்து வளர்ந்ததே இன்றைய சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8501-1. கைக்கருவியாலும் மின்கருவியாலும் சுத்தம் செய்வதில் அதன் உயர்ந்த படியை எஸ்.டி. 3 என்கிறார்கள், செதிலும் தளர்ந்த துருவும் போய், தகட்டில் உலோகப் பளபளப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். நான் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். கெட்டியாக ஒட்டியிருந்த பழைய தொழிற்சாலைப் பூச்சை மட்டும் உரிக்காமல் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி விட்டுவைத்தேன். நன்றாக இருப்பதைப் பெயர்ப்பதால் ஒரு பயனும் இல்லை. தகட்டில் பொறித்த சேஸிஸ் எண், அதாவது காரின் அடையாள எண், எங்கே இருக்கிறதென்று முதலிலேயே பார்த்துக்கொள். அங்கே கிரைண்டர் படவே கூடாது.

தேய்த்த பிறகும் குழிகளின் அடியில் கரும்பழுப்பாகக் கொஞ்சம் துரு எஞ்சும். துருவை மாற்றிக் கட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம் அதற்குத்தான். டானிக் அமிலம் உள்ள வகை, துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாக மாறும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பதும் இதே வேதிவினைதான். பாஸ்பாரிக் அமில வகை இரும்பு பாஸ்பேட்டை உண்டாக்கும். தயாரிப்பாளர் கழுவச் சொல்லியிருந்தால் கழுவியே தீர வேண்டும். இரண்டுமே மெல்லிய துருவுக்கு உரியவை. செதில்செதிலாக நிற்கும் துருவின்மேல் ஊற்றினால் மேற்பரப்பு மட்டும் கறுத்து, உள்ளே பழைய கதை தொடரும்.

பிரேக் குழாய்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். இரும்புக் குழாயைத் தரைத்தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றியபோது, அதுவரை மறைந்திருந்த விரலகல நீளத்துக்குக் குழாய் முழுவதும் அரித்திருந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் துடைத்ததும் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் தெரிந்தன. அதன்மேல் பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. புதிதாகச் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடச் செய்தேன். அது இரும்புக் குழாயைப்போல் துருப்பிடிக்காது. உன் காரிலும் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பார். குழாய் மாற்றும் வேலையைப் பெயின்ட்டுக்கு முன்பே முடித்துவிடு, பிரேக் ஆயில் சிந்தினால் புதுப் பெயின்ட்டையும் உரித்துவிடும்.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுத்தமான தகட்டில் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் மடிப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் பாலியூரித்தேன் சீலர், பிறகு மேற்பூச்சு. அமிலம் கலந்து தகட்டைக் கவ்வும் எட்ச் பிரைமரின்மேல் எபாக்ஸி அடிப்பதைப் பல தயாரிப்பாளர்கள் கூடாதென்கிறார்கள். டப்பாவில் உள்ளதைப் படித்துப் பார். தேய்த்த தகட்டை இரவு முழுவதும் வெறுமனே விட்டுவைக்காதே, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மை படரும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழேயும், தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாகவும் இருக்கும்போது மட்டும் அடி. முழுப் பரப்புக்கும் முன்பாக, ஓரங்களுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் போல்ட் தலைகளுக்கும் பிரஷால் தனியாக ஒரு கை பூசு; கூர்மையான ஓரத்தில் பெயின்ட் தானாகவே மெலிந்துவிடும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். இரண்டு கோட்டுக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொண்டால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், டிஸ்க், சைலன்சர், சென்சார், வடிகால் துளை எதிலும் பெயின்ட் படக் கூடாது. இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்டை இறுகவைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதை ஸ்பிரே செய்தால் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரக்கூடும், சாதாரண முகக்கவசம் போதாது. அதனால் நான் ஸ்பிரே பக்கமே போகவில்லை. காரின் அடியில் பிரஷ் கோடு தெரிந்தால் யாருக்கு என்ன?

நிறத்தில் மட்டும் உன்னோடு வாதாடுவேன். கறுப்பு வேண்டாம். நான் வெளிர்ச்சாம்பல் அடித்திருக்கிறேன். ஒரு கோடு துரு கசிந்தாலும், ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் குனிந்து பார்த்தவுடன் தெரிகிறது. பழைய காருக்கு மறைக்கும் நிறத்தைவிடக் காட்டும் நிறமே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடிப்பாகம் என்றால் கறுப்பு என்கிறார். நீ அவர் பக்கம் சேர்வாய் என்றும் தெரியும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, பெட்டிப்பகுதிகளுக்குள் நீண்ட குழாய் முனையால் மெழுகு செலுத்து. உட்புறத்தை நம்மால் தேய்க்கவும் முடியாது, பெயின்ட் அடிக்கவும் முடியாது. இளகிய மெழுகு மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய்ப் படியும். இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும், மெழுகு பட்ட தகட்டில் பெயின்ட் ஒட்டாது. வடிகால் துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே முழுவதும் பரவிவிட்டது என்று கொள்ளலாம். சொட்டு நின்றதும் துளைகளைத் துடைத்துத் திறந்துவிடு.

உன் கார் நம் இருவரையும் எங்கெங்கெல்லாம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது! அது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையால்தான் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். முதலில் ஒன்று மட்டும் செய். பகல் வெளிச்சத்தில் அடிப்பாகம் முழுவதையும் தட்டிப் பார்த்து, ஓசை மங்கும் இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்பு. இருக்கைகளுக்குக் கீழேயும், பின்சக்கர வளைவுகளுக்கு முன்னாலும், ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களிலும் கட்டாயம் பார். படம் வந்தவுடன் எந்த நாள் வரலாம் என்று சொல்கிறேன். ஸ்டாண்டுகளையும் ஹீட் கன்னையும் நான் கொண்டுவருகிறேன். நீ கண்ணாடியும் முகக்கவசமும் உன் முகத்துக்குப் பொருந்துமாறு பார்த்து வாங்கி வை.

அன்புடன்,
உன் நெட்டையன்