முதலில் தேதிகளைக் கணினியிடம் ஒப்படையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வழக்கறிஞர் அலுவலகங்களின் அன்றாட வேலைகளைக் கணினி ஏற்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இராமநாதபுரத்தில் நெடுங்காலமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, அது வேலையின் வரிசையை மாற்றி வைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. பிராது எனப்படும் வழக்கு மனுவையும் நோட்டீஸையும் எழுதித் தரும் மென்பொருளைப் பற்றியே கட்டுரை பேசுகிறது. நான் பார்த்தவரை கட்சிக்காரர்கள் நஷ்டப்படுவது எழுத்தால் அல்ல, தேதியால்.

காசோலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது எதிராளி கையில் சேர்ந்தபின் பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அதுவும் கழிந்தால் 1 மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். மண்டபத்து நண்டு வியாபாரி ஒருவருக்காக எங்கள் அலுவலகம் அனுப்பிய நோட்டீஸ் எதிராளிக்குச் சேர்ந்த தேதியைக் காட்டும் ஒப்புகை அட்டை, கேஸ் கட்டில் சேராமல் மேசை டிராயரில் கிடந்ததால், புகார் 9 நாள் தாமதமாயிற்று. அட்டையை அங்கே போட்டவன் நான்தான். தாமதத்தை மன்னிக்கக் கோரச் சட்டத்தில் இடமிருந்ததால் வழக்கு பிழைத்தது. ஆனால் அந்த மனு முடியும்வரை அவர் வாய்தாவுக்கு வாய்தா வியாபாரத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தார்.

கீழக்கரைக் குடும்பங்களுக்கு வளைகுடாவிலிருந்து வரும் பவர் பத்திரங்களுக்கும் இதே கதிதான். அவை இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்; உறை வந்த தேதியை யாரும் குறித்து வைப்பதில்லை. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அதற்குரிய தனி அடையாள எண்ணை, இட்டாலே அடுத்த வாய்தா தெரிந்துவிடும் இந்நாளிலும், அதைக் கேட்டு எழுத டைரியும் கையுமாக நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்கள் உண்டு.

மனு எழுதுவதற்கு மாதிரிப் படிவங்கள் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய பிராதின் மேல் புதியதை ஏற்றும்போது, 'கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு' என்ற முந்தைய கட்சிக்காரரின் மால், அதாவது சொத்தின் எல்லை, கடலே கண்ணில் படாத முதுகுளத்தூர்ப் புஞ்சைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவோ, இல்லாத தீர்ப்பையும் இருப்பதாகவே எழுதும். அப்படி எழுதப்பட்டவற்றைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

எங்கள் அலுவலகத்தில் இப்போது தபாலில் வரும் எதுவும் கேஸ் கட்டில் சேருமுன், அதன் தேதி கணினியில் ஏறிவிடுகிறது. கெடுவுக்கு 10 நாள் முன்பே வக்கீலின் கைப்பேசிக்கும் என்னுடையதற்கும் நினைவூட்டல் வருகிறது. சொத்து விவரத்தை மட்டும், மூலப்பத்திரத்தை வைத்துக்கொண்டு ஜூனியர் உரக்கப் படிக்க, நான் ஒவ்வொரு மாலாகச் சரிபார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
இராமநாதபுரம்.