‘லினக்ஸில் ஓடுமா?’ என்று மட்டும் கேட்டு ஏமாந்தோம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றபோது, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று பலரும் எழுதினார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனியில் நான் கணக்கு பார்க்கிறேன். எங்களுடைய ஒன்பது கம்ப்யூட்டர்களில் ஆறு விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டோம். ஈரோடு ரோட்டிலுள்ள பேக்கிங் குடோனில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்க கம்ப்யூட்டர், மானிட்டருக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் ஓடின, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர உதவும் வி.பி.என். வாங்கும்வரை.

குடோனில் இருப்பவர்களும், தூத்துக்குடியில் சரக்கு ஏற்றும் வேலையைப் பார்ப்பவரும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எடுக்க ஆபீஸ் சர்வருக்குள் வர வேண்டும். விற்க வந்தவரிடம் எங்கள் முதலாளி, “லினக்ஸில் ஓடுமா?” என்று கேட்டார். “ஓடும் சார்.” ஒரு வருடப் பணத்தையும் கட்டிவிட்டோம்.

வந்தது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 20.04 பதிப்புக்காகச் செய்த ஒரு ஃபைல். அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவே 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. எங்கள் மின்ட்டில் பாதி இன்ஸ்டால் ஆகி நின்றது. ராஸ்பெர்ரி பையில் தொடங்கவே இல்லை. அதிலிருப்பது ஏ.ஆர்.எம். சிப், அவர்கள் கொடுத்ததோ இன்டெல், ஏ.எம்.டி. சிப்புகளுக்கானது. விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. லினக்ஸில் ஓடும், எங்கள் லினக்ஸில்தான் ஓடாது.

“உங்கள் ஆப் இல்லாமல் இணைய முடியுமா?” என்று கேட்டிருக்க வேண்டும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் போன்றவை எல்லோருக்கும் பொதுவான வி.பி.என். முறைகள். வயர்கார்டு, 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு விவரங்கள் உள்ள ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல் போதும், டெஸ்க்டாப்போ பையோ, இணைந்துவிடும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே வயர்கார்டையே வைத்துக்கொண்டு, லாகினைத் தங்கள் ஆப்புக்குள் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த கான்ஃபிக் ஃபைலைத் தனியாகத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டிய பணம் போனது போனதுதான். அப்புறம் ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத இணைய முகவரி) வாங்கி, மூலையில் கிடந்த கம்ப்யூட்டரில் நாங்களே வயர்கார்டு வைத்துக்கொண்டோம். அதில் யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது, ஆளுக்கொரு டிஜிட்டல் சாவிதான். வேலையை விட்டுப் போகிறவரின் சாவியை நாமேதான் நீக்க வேண்டும். போன மாதம் ஒருவர் நின்றார், எனக்கு நினைவு வந்ததோ மூன்று நாள் கழித்து! ஆட்கள் அடிக்கடி மாறும் இடமென்றால் காசு கொடுத்து வாங்குவதே மேல். ஆனால் சந்தா கட்டுமுன், இருப்பதிலேயே வினோதமான கம்ப்யூட்டரில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் பத்திரிகையில் லினக்ஸுக்கு மாறச் சொல்லி எழுதும்போது, இதையும் நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வெங்கமேடு, கரூர்