புகை வந்த இடம்தான் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மத்திய மேற்கின் விவசாயக் கிராமங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜெர்மானியர், சுவீடன்காரர், நார்வேக்காரர் என எல்லோரும் வந்தார்கள், சரி. கறுப்பின மக்கள் உண்டாக்கிய ஊர் ஒன்றைக்கூடக் காணோமே! கான்சாஸ் மாநிலத்தின் நிக்கோடிமஸ் என்ற ஊரையாவது சொல்லியிருக்கலாம்.

1877-இல் ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும், ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் முன்னின்று தொடங்கிய ஊர் அது. அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் சொந்த நிலத்துக்கு வழியில்லாமல் இருந்த கென்டக்கி மாநிலக் கறுப்பின மக்களிடம் நோட்டீஸ் போட்டு ஆள் சேர்த்தார்கள். அந்த செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் ரயிலில் கான்சாஸின் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார்கள். போய்ப் பார்த்தால் மரமும் இல்லை, வீடும் இல்லை, வெறும் புல்வெளி. மண்ணைக் குடைந்து அதற்குள்தான் குடியிருந்தார்கள்.

மறு வசந்தத்தில், வழியில் அம்மை கண்ட பிள்ளைகளோடு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 'ஊர் எங்கே?' என்று கேட்டிருக்கிறார். தரையிலிருந்து கிளம்பிய புகையைக் கையால் காட்டினார்களாம். அங்கேயே அழுதுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கியவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்தார்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் தேறியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. இவர்களை 1879-இல் தெற்கு மாநிலங்களிலிருந்து கான்சாஸுக்குக் கிளம்பி வந்த கறுப்பின மக்களின் பெருங்கூட்டத்தோடு சேர்த்துச் சொல்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இவர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஏர் பூட்டியவர்கள்.

அப்புறம் பள்ளி, தேவாலயம், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள் என்று ஊர் கிடுகிடுவென வளர்ந்தது. ரயில் தங்கள் ஊர் வழியாக வரட்டும் என்று 1887-இல் ரயில் கம்பெனிக்குக் கொடுக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுகூடப் போட்டார்கள். அந்த ரயில் வரவில்லை. அடுத்த வருடம் யூனியன் பசிபிக் என்ற வேறொரு ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டது, ஆனால் பக்கத்து சாலமன் ஆற்றுக்குத் தெற்கே. வியாபாரிகள் ஆறு தாண்டி, இப்போது போக் என்று அழைக்கப்படும் ஊருக்குப் போய்விட்டார்கள். உழுதவர்கள் நகரவில்லை.

இன்று அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலர்தான். 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் விடுதலை நாள் கொண்டாட்டத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்களே, அதில் இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்