ஆற்றில் இறங்கி ஆழம் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வெளிவந்த ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையில், ஜீப்பில் ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அங்குள்ள கிப் ரிவர் சாலையின் கிழக்குக் கோடியில் குறுக்கிடும் பென்டிகோஸ்ட் ஆற்றில் உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. நாங்கள் கரையிலேயே அரை மணி நேரம் காத்திருந்தோம். முன்னால் போன வண்டியின் சக்கரத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்த பிறகே எங்கள் வண்டியை ஆற்றில் இறக்கினோம்.

டயர் காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 660 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான், அலை அலையாக வரி விழுந்து கிடக்கும். தார்ச் சாலையில் ஓட்டிய அதே காற்றோடு நான் ஏறிவிட்டேன். இரண்டாம் நாள் பின் டயரின் பக்கம் கிழிந்தது. போனில் சிக்னல் இல்லை. ஜாக்கி செம்மண்ணில் புதைந்துகொண்டே போக, அடியில் பலகை கொடுத்து டயர் மாற்ற இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் இருவரும் போவாப் மரத்தடியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் காற்றைக் குறைத்து ஓட்டினேன், வண்டி நிதானமாகப் போனது.

கட்டுரையில் டிசம்பர் விடுமுறைக்கு ஏற்ற இடம் என்றும் இருக்கிறது. அது மழைக்காலம், சாலையையே மூடிவிடுவார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், பெர்த்